எர்மெனகில்ட் என்ற பெயரின் வேர் தேடி: கோத் அரசவையிலிருந்து மெண்டிஸ் வரை

கேட்கப்பட்ட கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன். ஆறாம் நூற்றாண்டு ஸ்பெயினில் எர்மெனகில்ட் என்றொரு இளவரசன் இருந்தான். அவன் பெயரை ஒருவர் கிரேக்கக் கடவுள் ஹெர்மஸோடு முடிச்சுப் போடுகிறார். இன்னொருவர் ஹெர்மன் என்ற ஜெர்மன் பெயர்தான் இது என்கிறார். மூன்றாமவர் 'மாபெரும் தியாகம்' என்று பொருளே எழுதிவிட்டார். இதில் எது சரி, இப்படிப்பட்ட பெயர்களை எப்படித் துருவிப் பார்ப்பது, இலங்கையில் வழங்கும் மெண்டிஸ் என்ற குடும்பப் பெயரும் இதிலிருந்து வந்ததுதானா?

ஹெர்மஸும் இல்லை, ஹெர்மனும் இல்லை. இது சுத்தமான கோதிக் பெயர், அதாவது ஜெர்மன், ஆங்கிலம் இரண்டோடும் ஒரே ஜெர்மானிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த கோத் மக்களின் பெயர். மெண்டிஸ் விஷயம் உண்மை. எப்படி இந்த முடிவுக்கு வருகிறோம் என்பதுதான் சுவாரசியம், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெயரைக் கண்டதும் அகராதியைத் திறப்பவர்கள் தாண்டிப் போகிற இடம் இது. எர்மெனகில்ட், ஸ்பெயினை ஆண்ட கோத் கிளையான விசிகோத்களின் அரசன் லியோவிகில்டின் மகன். தந்தை ஆண்டது 568 முதல் 586 வரை. மகன் 579இல் பிராங்க் இளவரசி இங்குண்டை மணந்தான் (பிராங்க்கள் இன்றைய பிரான்ஸை ஆண்ட இன்னொரு ஜெர்மானியக் கூட்டம்). அவள் கத்தோலிக்கப் பெண். இவன் வீட்டார் ஆரியஸ் வழிக் கிறிஸ்தவர்கள். (நம் காதில் விழும் 'ஆரியர்' அல்ல, அலெக்சாந்திரியாவில் இருந்த ஆரியஸ் என்ற குருவின் கொள்கையைப் பின்பற்றியவர்கள்.) லியோவிகில்டின் இரண்டாம் மனைவி கொய்ஸ்வின்தா, மணப்பெண்ணுக்குத் தாய்வழிப் பாட்டியும் கூட. மதம் மாற மறுத்த பேத்தியைத் தலைமுடியைப் பிடித்துத் தரையில் தள்ளி உதைத்தாள் என்று தூர் நகர ஆயர் கிரகோரி எழுதி வைத்திருக்கிறார். அரண்மனை வம்பு என்றால் கிரகோரிக்குக் கை தானாக நீளும், கொஞ்சம் கழித்துக்கொண்டுதான் படிக்க வேண்டும். இளைய தம்பதியைத் தெற்கே செவில் நகருக்கு அனுப்பிவைத்தார்கள். மகன் அங்கே கத்தோலிக்கத்துக்கு மாறி, தந்தைக்கு எதிராகக் கொடி பிடித்தான். 584இல் பிடிபட்டான். 585இல் தாரகோனாவில் கொல்லப்பட்டான்.

இந்தக் கதையெல்லாம் எதற்கு என்றால், பெயர் வைத்தவர்கள் யார், அதை எழுதியவர்கள் யார் என்று இதிலிருந்துதான் தெரிகிறது. வைத்தவர்கள் கோத் அரச குடும்பம். எழுதியவர்கள் லத்தீன் எழுத்தர்கள். ஒரு ஜெர்மானியப் பெயர் லத்தீன் காதில் விழுந்து லத்தீன் கையால் எழுதப்பட்டிருக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளாமல் எழுத்துக்கூட்டலை நம்பினால் வழி தவறிவிடும்.

அடுத்து, கிடைப்பதிலேயே பழைய எழுத்து வடிவம் எது? கிரகோரியும் அதே காலத்தில் ஸ்பெயினில் எழுதிய பிக்லாரோ ஜானும் எழுதியவை நமக்குக் கிடைப்பது பிற்காலப் படிகள் வழியாக. படியெடுத்த துறவிகள் தங்கள் காலத்து வழக்கப்படி பெயர்களைத் திருத்தி எழுதுவது சாதாரணம். கல்லிலும் காசிலும் அந்தத் திருத்தம் நடக்காது. நல்லவேளையாக எர்மெனகில்டுக்கு இரண்டுமே இருக்கின்றன. அவன் அச்சடித்த பொற்காசுகளில் 'எர்மெனெகில்தி' என்று இருக்கிறது. செவிலுக்கு அருகே அல்கலா தெ குவதாய்ராவில் கிடைத்த கல்வெட்டில் 'எர்மினிகில்தி'. கடைசியில் ஒலிக்கும் 'இ' லத்தீன் வேற்றுமை உருபு, 'எர்மெனகில்டுடைய' என்று பொருள்படும். அதைக் கழற்றி வைத்துவிடலாம். அந்தக் கல்வெட்டைப் படிப்பதே ஒரு அனுபவம்: நம் தலைவர் எர்மினிகில்ட் அரசரின் ஆட்சியில் இரண்டாம் ஆண்டு, அவரை அவரைப் பெற்ற லியுவிகில்ட் அரசர் துரத்தித் துன்புறுத்தும் காலம் என்று குடும்பச் சண்டையை அப்படியே வெட்டி வைத்திருக்கிறார்கள். தந்தை, மகன் இருவர் பெயரும் ஒரே கல்லில், ஒரே கையால், அவர்கள் உயிரோடு இருந்தபோதே எழுதப்பட்டது. பெயர் ஆராய்கிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

காசிலும் கல்லிலும் முன்னால் 'ஹ' இல்லை என்பதைக் கவனியுங்கள். இன்றைய ஸ்பானிய எழுத்தில் அது இருக்கிறது, உச்சரிப்பில் இல்லை. ஹெர்மஸ் என்ற கிரேக்கக் கதைக்கு ஆதாரமே அந்த எழுத்துதான். 'பழைய வடிவில் ஹ இல்லை, ஆகவே ஹெர்மஸ் இல்லை' என்று சட்டென்று முடித்துவிட ஆசையாக இருக்கும். அவசரப்படக் கூடாது. அந்தக் காலத்து லத்தீன் பேச்சில் 'ஹ' ஒலி எப்போதோ உதிர்ந்துவிட்டது. எழுத்தர்கள் இருக்கும் இடத்தில் விடுவார்கள், இல்லாத இடத்தில் சேர்ப்பார்கள். நான்காம் நூற்றாண்டில் ஹூணர்களிடம் தோற்ற பழைய கோத் அரசன் எர்மனரிக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ரோம வரலாற்றாசிரியர் அம்மியானுஸ் அவன் பெயரை 'ஹ' இல்லாமல் எழுதுகிறார். நூற்றைம்பது ஆண்டு கழித்து கோத் வரலாறு எழுதிய யோர்தானேஸ் 'ஹ' போட்டு எழுதுகிறார். ஆக லத்தீன் சாட்சி இந்த விஷயத்தில் செல்லாக் காசு.

அப்படியானால் 'ஹ' ஒலியை விடாமல் உச்சரித்த மொழியைத்தான் சாட்சிக்குக் கூப்பிட வேண்டும். பழைய ஆங்கிலம் அப்படிப்பட்டது. அங்கே இதே எர்மனரிக் 'எயொர்மென்ரிச்' என்று வருகிறான், முன்னால் 'ஹ' கிடையாது. படை என்று பொருள்படும் 'ஹெரெ' என்ற சொல்லிலும் அதில் தொடங்கும் பெயர்களிலும் அதே மொழியில் 'ஹ' இருக்கிறது. ஹெர்மன் என்ற பெயர் இந்தப் படைச் சொல்லோடு 'மன்' சேர்ந்தது. ஆக ஹெர்மனும் எர்மெனகில்டும் பார்வைக்கு அண்ணன் தம்பி, வேரில் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஸ்காண்டிநேவியாவின் பழைய மொழியான நோர்ஸில் நம் சொல் 'யொர்முன்' ஆகிறது. அங்கேயும் 'ஹ' இல்லை. வட்டாரங்கள் வேறு, எழுத்து மரபுகள் வேறு, சாட்சி ஒன்றாக இருக்கிறது. இதற்கு மேல் ஹெர்மஸுக்கு இடமில்லை.

இந்த ஹெர்மன் குழப்பம் புதிதல்ல. கி.பி. 9இல் ரோமப் படையை அழித்த அர்மினியுஸை ஜெர்மன்காரர்கள் பிற்காலத்தில் ஹெர்மன் ஆக்கிவிட்டார்கள். டெட்மோல்ட் அருகே 1875இல் முடித்த பெரிய சிலைக்கும் அந்தப் பெயர்தான். அர்மினியுஸ் என்ற பெயரின் வேர் பற்றி இன்றும் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. சிலை நின்றுவிட்டது, பெயரும் நின்றுவிட்டது.

சரி, பெயரை எங்கே வெட்டுவது? அரச குடும்பத்து ஜெர்மானியப் பெயர்களில் பெரும்பாலானவை இரண்டு துண்டுகளால் ஆனவை. தலைத்துண்டு 'எர்மென்', வால்துண்டு 'கில்ட்'. வெட்டியது சரிதானா என்று சோதிக்க ஒரே வழி, இரண்டு துண்டும் தனித்தனியே வேறு பெயர்களில் வருகிறதா என்று பார்ப்பது. எர்மன-ரிக், எர்மென்-கார்ட், இர்மின்-கார்ட் என்று தலை கிடைக்கிறது. லியோவி-கில்ட், அத்தன-கில்ட் என்று வால் கிடைக்கிறது. வெட்டு சரி.

தலைத்துண்டு பெயர்களுக்கு வெளியேயும் உயிரோடு இருந்தது. பழைய ஆங்கிலக் காவியமான பேயோவுல்ஃபில் 'எயொர்மென்கிருண்ட்' என்றால் பரந்த உலகம் முழுவதும். நோர்ஸ் புராணத்தில் உலகத்தையே சுற்றி வளைத்துக் கிடக்கும் பாம்பின் பெயர் யொர்முன்கந்தர். வட ஜெர்மனியின் சாக்சன்கள் வணங்கிய, பிராங்க் அரசன் சார்லமேன் 772இல் இடித்துத் தள்ளிய பெருந்தூண் இர்மின்சூல். இவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் 'பெரிய', 'முழுமையான', 'எல்லையற்ற' என்ற பொருள் தானாகத் தெரிகிறது. வால்துண்டுக்கு இன்னும் நேரடிச் சான்று உண்டு. நான்காம் நூற்றாண்டில் வுல்ஃபிலா கோதிக்கில் பைபிளை மொழிபெயர்த்தார். 'சீசருக்கு வரி கொடுக்கலாமா' என்ற லூக்கா 20:22 வசனத்தில் வரி என்ற இடத்தில் அவர் போட்ட சொல் 'கில்ட்'. இன்றைய ஜெர்மனில் பணத்தைக் குறிக்கும் 'கெல்ட்' இதன் உடன்பிறப்பு. வரி, காணிக்கை, ஈடு, மதிப்பு என்று பொருள் விரிகிறது.

இந்த இடத்தில் இன்னொரு கேள்வி வரும். ஜெர்மானியம் என்று ஆகிவிட்டது, ஆனால் எந்த ஜெர்மானியம்? தாய் வழியில் பிராங்க் பெயர் வந்து ஒட்டியிருக்கலாமே? இதற்குப் பதில் உயிரெழுத்தில் இருக்கிறது. பெயர் ஆராய்ச்சியில் எனக்கு மிகப் பிடித்த பகுதியும் இதுதான்.

பழைய ஜெர்மானிய 'எ' ஒலி கோதிக்கில் 'இ' ஆகிவிடும். ஜெர்மன்காரர் வழியை 'வேக்' என்றால் கோத் 'விக்ஸ்' என்பான். அவர் கொடுப்பதை 'கேபன்' என்றால் இவன் 'கிபன்' என்பான். ஒரே விலக்கு, பின்னால் ர அல்லது ஹ வந்தால் 'எ' அப்படியே நிற்கும். பூமி ஜெர்மனில் 'எர்டெ', கோதிக்கிலும் 'எர்த்த'. இப்போது நம் பெயருக்கு வாருங்கள். தலைத்துண்டில் 'எ'வுக்குப் பின்னால் 'ர்' இருக்கிறது, எனவே 'எர்' மாறாமல் நிற்கிறது. வால்துண்டில் அந்தப் பாதுகாப்பு இல்லை, எனவே 'கெல்ட்' 'கில்ட்' ஆகிவிட்டது. விதியும் விலக்கும் ஒரே பெயருக்குள். சாக்சன் வழக்கில் தலை 'இர்மின்' ஆகும், வால் 'கெல்ட்' ஆக நிற்கும். கிட்டத்தட்ட நேர் எதிர்.

காசும் கல்லும் இதை எவ்வளவு அழகாகக் காட்டுகின்றன பாருங்கள். ஒன்று 'எர்மெனெ', மற்றது 'எர்மினி'. நடுவில் இருக்கும் அழுத்தமில்லாத உயிர்கள் எழுத்தர் கையில் எ, இ என்று தள்ளாடுகின்றன. ஆனால் முதல் 'எ'வும் கடைசித் துண்டின் 'இ'யும் இரண்டிலும் அசையவில்லை. தந்தை பெயரையும் அதே கல் 'லியுவிகில்ட்' என்கிறது. நாம் புத்தகங்களில் படிக்கும் 'லியோவி' அல்ல. அன்புக்குரிய என்று பொருள்படும் பழைய 'லெஉப்' கோதிக்கில் 'லியுஃப்ஸ்' ஆகும். எ இ ஆன அதே விதிதான். கிரகோரி போன்ற பிராங்க் நாட்டு எழுத்தர்கள் பொதுவாக எ, இ இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுபவர்கள், ஆகவே ஒரே ஒரு பெயரின் ஒரே ஒரு எழுத்துக்கூட்டலை வைத்து இப்படி வாதாட முடியாது. தந்தை, மகன், கல், காசு எல்லாம் ஒரே திசையைக் காட்டுவதால்தான் இங்கே வாதம் நிற்கிறது.

இனி பொருள். 'மாபெரும் தியாகம்' என்று எழுதியவர் துண்டுகளின் பொருளைத் தேடி எடுத்ததில் தவறில்லை. இரண்டையும் ஒட்டி ஒரு தொடராக வாசித்ததுதான் பிழை. இந்தப் பெயர்கள் வாக்கியங்கள் அல்ல. ஃபிரெடெகுண்ட் என்று ஒரு பிராங்க் அரசி இருந்தாள். தலைத்துண்டு சமாதானம், வால்துண்டு போர். என்ன பொருள் சொல்வீர்கள்? பெற்றோர் அகராதி பார்த்துப் பெயர் வைக்கவில்லை, குடும்பத்தைப் பார்த்து வைத்தார்கள். நம் ஊரில் தாத்தா பெயரை முழுதாகப் பேரனுக்கு வைப்பார்கள், அவர்கள் பாதியை எடுத்து வைத்தார்கள், அவ்வளவுதான். பதினோராம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வொஸ்டர் ஆயராக இருந்த வுல்ஃப்ஸ்டன் இதற்குத் தெளிவான சான்று. தந்தை ஏதெல்ஸ்டன், தாய் வுல்ஃப்கிஃபு. அம்மாவின் தலையும் அப்பாவின் வாலும் சேர்ந்து பிள்ளை. 'ஓநாய்க் கல்' என்று பொருள் சொல்லிக்கொண்டிருந்தால் விஷயமே கைநழுவிவிடும்.

நம் ஆளுக்கும் அதே கணக்கு. லியோவிகில்ட் மகன் எர்மெனகில்ட். எர்மெனகில்ட் மகன் அத்தனகில்ட். மூன்று தலைமுறையாக வால் மாறவில்லை. அதிலும் பேரன் பெயர் இரட்டை அரசியல்: அத்தனகில்ட் என்பது லியோவிகில்ட் குடும்பத்துக்கு முன்பு ஆண்ட அரசனின் முழுப் பெயர், அவன் கொய்ஸ்வின்தாவின் முதல் கணவன், இங்குண்டின் பாட்டன். கலகம் செய்யும் இளவரசன் தன் மகனுக்குப் பழைய அரசனின் பெயரை வைக்கிறான், அது தன் குடும்ப வாலோடும் பொருந்திவிடுகிறது. எர்மெனகில்டின் தலைத்துண்டு கோத் நினைவில் எர்மனரிக்கின் பெருமையைச் சுமந்திருந்தது என்பது என் ஊகம். அந்த அரசனின் கதை ஜெர்மானிய மக்கள் எல்லோரிடமும் பரவியிருந்ததால் இது அப்படி ஒன்றும் தூரத்து ஊகமல்ல.

வேறு பெயர்களைத் தேடுவோருக்கு இரண்டு நூல்களைச் சொல்ல வேண்டும். எர்ன்ஸ்ட் ஃபோர்ஸ்டெமன் 1856இல் வெளியிடத் தொடங்கிய பழைய ஜெர்மானியப் பெயர்க் களஞ்சியம் தலைத்துண்டு வாரியாக அடுக்கப்பட்டது. பெயரை வெட்டத் தெரிந்தால்தான் அதில் தேடவே முடியும். அதன் பொருள் விளக்கங்கள் பழசாகிவிட்டன, சான்றுகளின் குவியலுக்காகப் பார்க்கலாம். ஸ்பெயின், போர்ச்சுகல் பெயர்களுக்கு யோசெஃப் பீலும் டீட்டர் கிரேமரும் 1976இல் தொகுத்த ஹிஸ்பானோ-கோதிக் பெயர் நூல் இருக்கிறது. தேடும்போது எர்மென், எர்மின், இர்மின், ஹெர்மென் என்று எல்லா வேடத்திலும் தேடுங்கள். தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு தேடாதீர்கள். நம் 'கி' கோதிக் ஒலியைக் காட்டும், ஆனால் இதே எழுத்தை இத்தாலியர் 'ஜி' என்பார், ஸ்பானியர் தொண்டையிலிருந்து 'ஹி' என்பார். ஊர்ப் பெயர்களையும் விட்டுவிடக் கூடாது. வடபோர்ச்சுகலில் உள்ள கொந்தொமார், குந்தெமார் என்ற கோதிக் பெயர் கொண்ட ஒருவருடைய நிலம் என்பதில் பிறந்தது. நிலம் வைத்திருந்தவன் யாரென்று மறந்து போயிற்று, பெயர் மட்டும் பலகையில் நிற்கிறது.

மெண்டிஸுக்கு வருவோம். எர்மெனகில்ட் என்ற பெயர் இரண்டு வழியில் இன்றுவரை வந்திருக்கிறது. ஒன்று வாய் வழி. பேச்சில் முதல் அசை தேய்ந்து, நடுவிலிருந்த 'க' உருகி, ஸ்பானியத்தில் மெனெந்தோ, மெலெந்தோ ஆயிற்று. மெனெந்தெஸ், மெலெந்தெஸ் என்ற குடும்பப் பெயர்கள் அதன் பிள்ளைகள், 'மெனெந்தோவின் மகன்' என்று பொருள். போர்ச்சுகீசியத்தில் இரண்டு உயிருக்கு நடுவே வரும் 'ன' உதிர்வது வழக்கம். லத்தீன் 'லூனா' அங்கே 'லுவா' ஆனது அப்படித்தான். அதனால் மெனெந்தோ இன்னும் சுருங்கி மெந்தோ, பிறகு வெறும் 'மெம்'. பிரேசிலை 1558 முதல் 1572 வரை ஆண்ட ஆளுநர் மெம் தெ சா இந்த மெம்தான். மெந்தோவின் மகன் மெந்தெஸ். இந்தச் சங்கிலி வெறும் ஒலிக் கணக்கல்ல. கிமராய்ஸ் மடத்தை நிறுவிய பத்தாம் நூற்றாண்டுச் சீமாட்டி முமாதோனாவின் கணவர் எர்மெனெகில்தோ கொன்சால்வெஸ் என்றும் மெந்தோ கொன்சால்வெஸ் என்றும் குறிக்கப்படுகிறார். இரண்டு பெயர், ஒரே ஆள்.

மற்றொன்று புத்தக வழி. 1585இல், அவன் இறந்து ஆயிரம் ஆண்டு நிறைந்தபோது, போப் ஐந்தாம் சிக்ஸ்துஸ் ஸ்பெயின் முழுவதும் அவனுக்கு விழா எடுக்க அனுமதித்தார். கேட்டவர் அரசர் இரண்டாம் பிலிப். புனிதர் பட்டியலில் பெயர் ஏறியதும், ஏட்டிலிருந்த முழு வடிவம் தேய்மானமில்லாமல் மீண்டும் குழந்தைகளுக்கு வைக்கப்பட்டது. இத்தாலியில் 1910இல் கம்பளித் துணி ஆலை தொடங்கிய எர்மெனெஜில்தோ சேஞாவின் பெயரில் நாம் பார்ப்பது இந்த முழு வடிவம். ஒரு மெந்தெஸும் ஒரு எர்மெனெஜில்தோவும் கைகுலுக்கினால் இருவருக்கும் ஒரே பெயர் என்று இருவருக்குமே தெரிந்திருக்காது.

போர்ச்சுகீசியர் 1505இல் இலங்கைக்கு வந்தார்கள். ஞானஸ்நானத்தின்போது கொடுத்த பெயர்கள் குடும்பப் பெயர்களாக நிலைத்தன. பேரெஸ் பீரிஸ் ஆனது, கோமெஸ் கோமிஸ் ஆனது, அதே தடத்தில் மெந்தெஸ் மெண்டிஸ் ஆனது. கடைசி 'எஸ்' மூன்றிலும் 'இஸ்' ஆகியிருப்பதால் இது தற்செயல் அல்ல. தூத்துக்குடிக் கடற்கரையில் 1530களில் பரதவர்கள் ஞானஸ்நானம் பெற்ற பின் வழக்கத்துக்கு வந்த பர்னாந்து, ரொட்ரிகோ போன்றவையும் இதே கோதிக் கூட்டம்தான். ரொட்ரிகோ என்பது புகழைக் குறிக்கும் தலைத்துண்டும், எர்மனரிக்கிடம் பார்த்த அதே 'ரிக்' வாலும்.

அப்படியானால் மெண்டிஸ் குடும்பத்தில் கோத் ரத்தம் ஓடுகிறதா என்று அடுத்து கேட்பீர்கள். பெயர் அதைச் சொல்லாது. ஸ்பெயினிலேயே கோத்கள் சிறுபான்மை. ஆளுகிறவர்களின் பெயர் மதிப்பானது என்பதால் உள்ளூர் மக்கள் அதைத் தங்கள் பிள்ளைகளுக்கு வைத்தார்கள், சில நூற்றாண்டுகளில் வடமேற்கில் உழவர்கள்கூட கோதிக் பெயரோடு இருந்தார்கள். இலங்கையிலும் ஞானத்தந்தையிடமிருந்தோ அதிகாரியிடமிருந்தோ பெயர் வந்தது, பிள்ளை உள்ளூர்ப் பிள்ளை. இன்று மெண்டிஸ்களில் பௌத்தர்கள் ஏராளம், ஆக மதத்தைக்கூடப் பெயரை வைத்துச் சொல்ல முடியாது. உங்களுக்கு வேண்டியது குறிப்பிட்ட ஒரு குடும்பத்தின் வரலாறு என்றால் பெயர்க் களஞ்சியங்களை மூடிவைத்துவிட்டுத் தேவாலயத்து ஞானஸ்நானப் பதிவேடுகளையும், தோம்பு எனப்படும் ஒல்லாந்தர் காலத்து நிலப் பதிவேடுகளையும் பாருங்கள். யார் வீடு, யார் பிள்ளை, எந்தக் காணி என்று அவற்றில்தான் இருக்கும்.